பிருங்கியோட மூணாவது கால்

பிருங்கி முனிவர் கதை பெரும்பாலான பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்கு ரெண்டு வரியில் சொல்லிடறேன். சிவனை மட்டும்தான் கும்பிடுவேன், அம்பாளைச் சுத்த மாட்டேன்னு அடம் பிடிச்ச ஆளு அவர். அம்பாளுக்குக் கோபம் வந்து, "உன் உடம்புல இருக்கிற ரத்தமும் சதையும் தாய் பங்கு, அதைக் கொடுத்துட்டுப் போ"ன்னு எடுத்துக்கிட்டா. மனுஷன் வெறும் எலும்புக்கூடாகி, ரெண்டு காலில் நிக்க முடியாம தள்ளாடினார். சிவன் பாவம் பார்த்து மூணாவதா ஒரு கால் கொடுத்தார். கோயில் சிற்பங்களில் மூணு காலோட ஒல்லியா ஒருத்தர் நின்னா அவர்தான் இவர்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு சந்தேகம். ஏன் மூணு? மாட்டுக்கு, மேசைக்கு இருக்கிற மாதிரி நாலா கொடுத்திருக்கலாமே? இஞ்சினியரிங் படிச்சப்போதான் பதில் கிடைச்சுது. எந்த மூணு புள்ளியை எடுத்தாலும் அது வழியா ஒரு தளம் போகும். அதனால மூணு கால் உள்ள எதுவும் எந்த மேடு பள்ளத்திலும் ஆடாது. சாயும், ஆனா ஆடாது. நாலாவது கால் வந்துட்டா அது தரையைத் தொடுமா தொடாதாங்கிறது தரையோட இஷ்டம். டீக்கடை மேசைக்கு அடியில் சிகரெட் அட்டையை மடிச்சுச் செருகி வெச்சிருப்பாங்களே, அதெல்லாம் நாலாவது காலால் வந்த வினை. சாமிக்கு ஜியோமெட்ரி நல்லாவே தெரிஞ்சிருக்கு :-)

இந்தப் பதிவு அந்த மூணாவது காலைப் பத்தித்தான். அதாவது கேமரா ஸ்டாண்டு. ட்ரைபாட்னும் சொல்லலாம், முக்காலின்னும் சொல்லலாம், எங்க திருப்பாப்புலியூர் ஸ்டூடியோக்காரங்க பாஷையில் வெறும் "ஸ்டாண்டு". கேமராவைப் பத்தியும் லென்ஸைப் பத்தியும் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. கீழே நிக்கிறதைப் பத்தி யாரும் பேசறதில்லை. ஆனா எங்க கடலூர்ப் பக்கத்து வரலாற்றை எடுத்துப் பார்த்தீங்கன்னா, கடைசி இருநூறு வருஷத்தில் நடந்த சில பெரிய விஷயங்கள் இந்த மூணு கால் மேலதான் நின்னுக்கிட்டு இருக்கு.

முதல்ல கேமராவே இல்லாத காலத்துக்குப் போவோம். புகைப்படம்னு ஒண்ணு உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அதுக்கு 37 வருஷம் முன்னாடி, 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன்னு ஒரு ராணுவ அதிகாரி மெட்ராஸில் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவில் தரையை அளக்க ஆரம்பிச்சார். ஏழரை மைல் தூரம். பின்னாடி இமயமலை வரைக்கும் போன மாபெரும் முக்கோண அளவைக்கு இதுதான் அஸ்திவாரம்.

அளந்தது ஒரு நூறடி இரும்புச் சங்கிலியால். அந்தச் சங்கிலிக்கே தனிக் கதை இருக்கு. மெக்கார்ட்னி பிரபு 1793-ல் சீனாவுக்குத் தூது போனப்போ பேரரசருக்காகக் கொண்டு போன பொருட்களில் அதுவும் ஒண்ணு. அங்கே வேண்டாம்னு சொல்லிட்டதால் திரும்பி கல்கத்தா வந்து, கை மாறி, லாம்டன் கைக்கு வந்துச்சு. இப்போ பாயிண்டுக்கு வரேன். அந்தச் சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தால் மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி வளையும், அளவு தப்பாகும். வெயிலில் நீளும். அதனால் இருபது அடி நீளத்தில் அஞ்சு மரத் தொட்டிகள் செஞ்சு, அதுக்குள்ள சங்கிலியைப் படுக்க வெச்சாங்க. அந்தத் தொட்டிகளைத் தாங்கினது முக்காலிகள். ஒவ்வொண்ணிலும் ஏத்தி இறக்க ஒரு திருகு. மட்டம் பார்த்து திருகைத் திருப்பி சரி பண்ணி, ஒரு நூறடி முடிஞ்சதும் அத்தனையையும் தூக்கி அடுத்த நூறடிக்குக் கொண்டு போகணும். ஏழரை மைலுக்கும் இதே வேலை. இன்னைக்கு நம்ம ஸ்டாண்டில் நடுக்கம்பத்தை ஏத்தி இறக்கறோமே, அதோட தாத்தாக்கள் பரங்கிமலை வெயிலில் வரிசையா நின்னிருக்காங்க.

சரி, இதுக்கும் கடலூருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் போட்டு லாம்டன் முதல்ல அளந்த தீர்க்கரேகை வில் ஒண்ணு இருக்கு. வடக்கு முனை பாட்ரீங்கிற இடம். தெற்கு முனைக்கு அவர் எழுதியிருக்கிற பேர் "ட்ரிவாண்டிபோரம்". அட்சரேகை 11 டிகிரி 44 நிமிடம் 52 விநாடி சொச்சம். இதை மேப்பில் போட்டுப் பாருங்க, நேரா எங்க திருவந்திபுரத்துல வந்து நிக்கும்! திருவஹீந்திரபுரம், தேவநாத சுவாமி கோயில் இருக்கிற ஊர். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கெடிலத்தை ஒட்டி மேற்கே கொஞ்ச தூரம் போனால் வந்துடும்.

அங்கே அவர் நிறுத்தினது ராம்ஸ்டன் செஞ்ச அஞ்சடி ஆரமுள்ள ஒரு வானியல் கருவி. தலைக்கு நேர் மேல வர்ற நட்சத்திரத்தைப் பார்த்து, அது உச்சியிலிருந்து எவ்வளவு கோணம் விலகியிருக்குன்னு சொல்லும். ரெண்டு முனையிலும் பார்த்ததில் கிடைச்ச வித்தியாசம் 1 டிகிரி 34 நிமிடம் 56.43 விநாடி. தரையில் சுமார் 175 கிலோமீட்டர். அதிலிருந்து ஒரு டிகிரிக்கு 60,494 ஃபாதம்னு கணக்கு போட்டார். மீட்டருக்கு மாத்தினா 110,631. இன்னைக்கு ஜிபிஎஸ் பயன்படுத்தற பூமி வடிவத்தை வெச்சு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 110,626 சொச்சம் வருது. நூத்திப் பத்து கிலோமீட்டருக்கு அஞ்சு மீட்டர் வித்தியாசம். எங்க ஆபீஸில் நாலு வார வேலைன்னு சொன்னது நாலு மாசம் ஆகுது, இதைப் பார்த்து என்னத்தைச் சொல்ல!

இந்தத் துல்லியத்துக்குக் காரணம் கண்ணாடியும் கணக்கும் மட்டும் இல்லைங்க. கருவி ஆடாம நின்னுச்சு. அதுதான் முக்கியம். ஒரு விநாடிக் கோணம்னா தரையில் முப்பது மீட்டர். கால் ஒரு மயிரிழை அசைஞ்சா கணக்கு மொத்தமும் போச்சு.

தஞ்சாவூர்ப் பக்கம் போனப்போ லாம்டனுக்கு வேற பிரச்சனை. குன்றே கிடையாது, கண்ணுக்கெட்டின வரைக்கும் வயலும் தென்னையும். தூரத்து இடங்களைப் பார்க்க உயரமான ஸ்டாண்டு வேணுமே, என்ன பண்றது? கோயில் கோபுரங்களையே ஸ்டாண்டு ஆக்கிட்டார். 1808-ல் அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டைப் பெரிய கோயிலுக்கு மேல கயித்தில் கட்டி ஏத்தினாங்க. கயிறு விட்டு, கருவி சுவரில் மோதி, அதோட வட்டம் கோணிப் போச்சு. ஏற்கெனவே கப்பலில் வர்றப்போ பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு மொரீஷியஸுக்குக் கொண்டு போய், அப்புறம் மரியாதையா திருப்பி அனுப்பி வெச்ச கருவி அது! லாம்டன் கூடாரத்துக்குள்ள போய் உக்காந்து, ஆறு வாரம் கஷ்டப்பட்டு கையாலேயே நிமிர்த்தி எடுத்தார்னு சொல்றாங்க.

அதே பெரிய கோயிலுக்கு அம்பது வருஷம் கழிச்சு இன்னொருத்தர் வந்தார், இந்தத் தடவை கேமராவோட. லின்னேயஸ் ட்ரைப். (பேரில் ட்ரைப், கையில் ட்ரைபாட். நான் ஜோக் அடிக்கலை, நிஜமாவே அவர் பேர் அதுதான்.) மெட்ராஸ் அரசாங்கம் சம்பளம் கொடுத்து வெச்சுக்கிட்ட புகைப்படக்காரர். மெட்ராஸில் புகைப்படச் சங்கம் தொடங்கினது 1856-ல், இவருக்கு வேலை கிடைச்சதும் அதே வருஷம். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து நாலு மாட்டு வண்டி நிறைய சாமான் ஏத்திக்கிட்டுக் கிளம்பி திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு சுத்தினார்.

அவரோட நெகட்டிவ் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைஞ்சு அங்குலம். எழுத்துப் பிழை இல்லை, அங்குலமேதான். மெழுகு ஏத்தின காகிதம். அந்தப் படம் எவ்வளவு பெரிசோ கேமராப் பெட்டியும் அவ்வளவு பெரிசு, ஏன்னா அப்போ நெகட்டிவைப் பெருசு பண்ணிப் பிரிண்ட் போடற வசதி கிடையாது. காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் பத்தாது, நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வெச்சிருக்கணும். அத்தனை நேரமும் ஒரு மரப்பெட்டி காத்தில் அசையாம நிக்கணும். இதெல்லாம் தெரிஞ்சதுக்கப்புறம் ட்ரைப் எடுத்த படங்களைப் பார்த்தா, கோபுரத்தோட ஒவ்வொரு சுதைச் சிற்பமும் தெளிவா இருக்கிறதைப் பார்த்து நமக்கே மலைப்பா இருக்கும்.

அவர் செஞ்சதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு கல்வெட்டுப் படம். பெரிய கோயில் விமானத்தோட அடிப்பீடத்தைச் சுத்தி ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஓடுதில்லையா, அதைத் துண்டு துண்டா எடுத்து 21 படங்களை ஒட்டி ஒரே சுருளா ஆக்கினார். நீளம் 19 அடி. இன்னைக்கு போனில் பனோரமான்னு ஒரு பட்டனை அமுக்கி கையைச் சுத்தறோம், அதுவே பாதி நேரம் கோணிக்கிட்டு வருது. 1858-ல் ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்டாண்டைத் தூக்கி நகர்த்தி, உயரமும் தூரமும் மாறாம நிறுத்தி, 21 தடவை எடுத்திருக்கார். எழுத்து ஒண்ணோட ஒண்ணு சேரணுமே! அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் படிச்சு அச்சில் கொண்டு வந்தது அதுக்கும் முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னா, கவர்னர் ட்ரெவெல்யன் வந்து "இந்தச் செலவெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது"ன்னு கடையை மூடச் சொல்லிட்டார். 1860-க்கு மேல ட்ரைப்புக்கு அந்த வேலை இல்லை. பட்ஜெட் கட் அப்பவே ஆரம்பிச்சாச்சு.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. இன்னைக்கு நீங்க பெரிய கோயிலுக்குப் போய் போனில் எத்தனை படம் வேணா எடுக்கலாம். ஆனா ஸ்டாண்டை விரிக்கணும்னா தொல்லியல் துறைகிட்ட முன்அனுமதி வாங்கணும். கேமரா வெச்சிருக்கிறவன் சுற்றுலாப் பயணி, ஸ்டாண்டு வெச்சிருக்கிறவன் ஏதோ காரியமா வந்தவன். ஒரு விதத்தில் அது ஸ்டாண்டுக்குக் கிடைச்ச மரியாதைன்னே எடுத்துக்கலாம்.

கல்வெட்டும் கோபுரமும் எடுத்த அதே மரக்கால்கள்தான் மெல்ல ஊர் ஊரா ஸ்டூடியோக்களுக்குள்ள வந்துச்சு. கண்ணாடித் தட்டு காலத்தில் ஸ்டூடியோவோட அரசன் ஸ்டாண்டுதான். கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு ஃபோகஸ் பார்த்து, தட்டைச் செருகி, லென்ஸ் மூடியைக் கையால கழட்டி, "ஒண்ணு... ரெண்டு... மூணு"ன்னு எண்ணி மூடணும். நம்ம கொள்ளுத்தாத்தா பாட்டியெல்லாம் படத்தில் முறைச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அத்தனை நேரம் சிரிச்ச முகத்தை அப்படியே வெச்சிருக்க யாரால முடியும்? "ஆடாம இருங்க"ங்கிறது நிக்கிறவங்களுக்குச் சொன்னது. ஸ்டாண்டுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

என்கிட்ட இருக்கிற ஸ்டாண்டு அந்தப் பரம்பரையில் கடைசித் தலைமுறை. லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் இருந்தது. அந்த ஐயா ஃபிலிம் காலத்தில் பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கெல்லாம் தூக்கிக்கிட்டுப் போனது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் மேல போட்டிருந்த ஷீட் பறந்து, அட்டைப்பெட்டியில் வெச்சிருந்த நெகட்டிவ் எல்லாம் ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஸ்டாண்டுக்கு ஒண்ணும் ஆகலை. கடையை ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோன்னு மாத்திட்டதால் மூலையில் குடைக்கும் துடைப்பத்துக்கும் துணையா நின்னுக்கிட்டு இருந்துச்சு. பாண்டிச்சேரியிலிருந்து ஒருத்தர் வந்து, பல்பு மாட்டி ஓட்டல் வரவேற்பறையில் வைக்கணும்னு விலை கேட்டிருக்கார். நான் கேட்டப்போ ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, நீ இதுல கேமரா மாட்டுவியா, லைட்டு மாட்டுவியா?"

"கேமராதாங்க ஐயா."

"அப்ப எடுத்துட்டுப் போ. பல்புக்கு எதுக்கு இவ்ளோ பெரிய காலு."

மரக்கால், பித்தளைப் பூட்டு, அடியில் இரும்பு முனை. ஏழு கிலோ. வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததும் அம்மா, "என்னடா, பந்தல் கான்ட்ராக்ட் எடுத்திருக்கியா?"ன்னு கேட்டாங்க.

அதில் முதல் முறையா என்னோட டிஜிட்டல் கேமராவை மாட்டினப்போதான் எனக்கு நிஜமான ஆச்சரியம். தலையில் ஒரு சின்ன அடாப்டர் புஷ் போட்டேன், அவ்வளவுதான், கச்சிதமா உக்காந்துக்கிச்சு. காரணம் அந்தத் திருகு. ஜோசப் விட்வொர்த்னு ஒரு பிரிட்டிஷ் இஞ்சினியர் 1841-ல் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவு இருக்கணும்னு சொல்லி ஒரு அட்டவணை கொடுத்தார். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. அவர் அட்டவணைப்படி கால் அங்குலத் திருகுக்கு அங்குலத்துக்கு 20 மரை. பின்னாடி வந்த அமெரிக்க அளவில் மரையோட கோணம் 55 டிகிரியிலிருந்து 60 ஆச்சு, ஆனா கால் அங்குலத்துக்கு 20 மரைங்கிறது மாறலை. அதனால ஒண்ணுல இன்னொண்ணு ஏறிக்கும். கேமராவுக்கு அடியில் இருக்கிற ஓட்டை இன்னைக்கும் அந்தக் கால் அங்குலம்தான். பெரிய கேமராக்களுக்கு முக்கால் அரை அங்குலம், அதாவது எட்டில் மூணு, 16 மரை. என் ஸ்டாண்டில் இருந்தது அந்தப் பெரிசு. இப்போ ஐஎஸ்ஓ 1222-ன்னு உலகத் தரமாவே எழுதி வெச்சிருக்காங்க.

சாஃப்ட்வேர்காரங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பேக்வர்ட் கம்பேட்டிபிலிட்டின்னு நாம மேசையைத் தட்டிப் பேசறோம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதின கோடு இன்னைக்கு கம்பைல் ஆகுதா? இங்கே விக்டோரியா காலத்து மரையில் இந்த வருஷ போன் ஹோல்டரை மாட்டலாம். ஃபிலிம் செத்துப் போச்சு, கண்ணாடித் தட்டு போச்சு, மெமரி கார்டே நாலு வகை வந்து போயாச்சு. ஸ்டாண்டு அப்படியே நிக்குது. காரணம், அது ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யுது, மத்தவங்களோட சேர ஒரே ஒரு திருகை மட்டும் நம்பியிருக்கு.

"அதெல்லாம் சரி, இப்பத்தான் ஒன்றரைக் கிலோவில் கார்பன் ஃபைபர் ஸ்டாண்டு வந்தாச்சே, ஏழு கிலோ எதுக்கு?"ன்னு ஆபீஸ் நண்பர்கள் கேக்கறாங்க. நியாயமான கேள்வி. கார்பன் கால்களை பிரான்சோட கிட்ஸோ கம்பெனி 1994-ல் கொண்டு வந்துச்சு. மலையேறுறவனுக்கு அது வரம், மறுக்கவே மாட்டேன். ஆனா நம்ம ஆளுங்க பாதிப் பேர் வாங்கறது அது இல்லை. கடையில் குறைஞ்ச விலையில் கிடைக்கிற, நாலு அஞ்சு துண்டா நீட்டற மெல்லிசு அலுமினியக் குச்சி. அதோட கடைசித் துண்டு பென்சில் கனம்தான் இருக்கும். ஒரு கம்பியோட விட்டம் பாதியானா விறைப்பு பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். நீளம் ரெண்டு மடங்கானா வளைவு எட்டு மடங்காகும். காலேஜில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் இதை எழுதி மார்க் வாங்கினவங்கதான் நாம. கடைக்குப் போனா மட்டும் மறந்துடறோம்.

மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அலுமினியக் குழாயைத் தட்டினா மணி மாதிரி கொஞ்ச நேரம் அதிரும். மரத்தைத் தட்டினா "டொக்"னு சத்தம் வந்து அத்தோட அடங்கிடும். அதிர்வை அது சீக்கிரமே விழுங்கிடுது. எஸ்எல்ஆர் கேமராவில் கண்ணாடி மேல தூக்கி அடிக்கிற அடி, ஷட்டர் எட்டில் ஒரு நொடி, பதினஞ்சில் ஒரு நொடி இருக்கிறப்போதான் ரொம்பத் தெரியும். அந்த வேகத்தில் மரக்கால் எடுத்துக் கொடுக்கிற படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தீங்கன்னா சைவப் பூனை மாதிரி அமைதியா இருக்கும்.

பழைய ஸ்டாண்டு வாங்கறவங்களுக்கு, நான் பழகித் தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம். முதல்ல கனமான மேல் துண்டை நீட்டுங்க, மெல்லிசை கடைசியா. நடுக்கம்பம் இருந்தா கூடுமான வரைக்கும் ஏத்தாதீங்க. ஏத்தினா மூணு கால் மேல ஒத்தைக் கால் வெச்ச கதைதான். ஒரு காலை லென்ஸ் பார்க்கிற பக்கம் வைங்க, கனமான லென்ஸ் மாட்டினா முன்னாடி கவுராது. சில்வர் பீச்சுக்குக் கொண்டு போனா இரும்பு முனை மணலில் இறங்கிக்கிட்டே போகும். மூணு கொட்டாங்குச்சியைக் கவுத்துப் போட்டு அது மேல காலை வைங்க, நின்னுடும். அலை வந்து தொடற ஈர மணலில் மட்டும் வேண்டாம், அரை நிமிஷ எக்ஸ்போஷருக்குள்ளயே புதையும்.

கடல் காத்து ஸ்டாண்டுக்கு எமன். திரும்பி வந்ததும் நல்ல தண்ணியில் நனைச்ச துணியால் துடைச்சு, நிழலில் காய விடணும். பித்தளைப் பூட்டுக்குப் புளி போதும், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரிதான். தேய்ச்சதும் நல்லாக் கழுவித் துடைச்சுடுங்க. மரத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஆளி விதை எண்ணெய் மெல்லிசா. பூட்டு இறுகிப் போயிருந்தா குறடு போட்டு முறுக்காதீங்க, பழைய பித்தளை மரை சட்டுனு வழுக்கிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி பூரா விட்டுட்டு காலையில் திருப்பிப் பாருங்க.

இவ்வளவு அக்கறை ஒரு மரக்காலுக்கு எதுக்குன்னு கேட்டா, விருத்தாசலத்துக்கு வாங்க, சொல்றேன்.

எங்க மாவட்டத்து விருத்தாசலம்தான். பழமலைநாதர் கோயில், விருத்தகிரீஸ்வரர்னும் சொல்லுவாங்க. அங்கே ஒரு சோழர் காலக் கற்சிற்பம், அர்த்தநாரீஸ்வரர். பாதி சிவன், பாதி அம்பாள். அது காணாம போய், கடல் தாண்டி, சுபாஷ் கபூர்ங்கிற நியூயார்க் வியாபாரி மூலமா 2004-ல் சிட்னியில் இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. விலை 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல. கேட்டதுக்கு 1970 தேதி போட்ட ஒரு டெல்லிக் கடை ரசீதும் இருந்துச்சு. காகிதத்துக்கு என்ன, யார் வேணா எழுதலாம்.

ஆனா எழுதி மாத்த முடியாத ஒண்ணு பாண்டிச்சேரியில் இருந்துச்சு. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கினது. அடுத்த வருஷத்திலிருந்தே அவங்க ஆளுங்க தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஒவ்வொண்ணா போய், மாடம் மாடமா, தூண் தூணா கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து, ஊர் பேரோட அடுக்கி வெச்சாங்க. ஒரு லட்சத்துக்கும் மேல படங்கள். அழகுக்காக எடுத்ததில்லை. சிலைக்கு நேர் எதிரில், சாயாம, கோணாம, மூக்கு உடைஞ்சிருந்தா அதுவும் தெரியற மாதிரி. ஆவணப் படத்துக்கு இதுதான் இலக்கணம். ட்ரைப் தஞ்சாவூரில் 21 தடவை ஸ்டாண்டை நகர்த்திக் கத்துக்கொடுத்த அதே இலக்கணம். அந்தத் தொகுப்பில் விருத்தாசலம் அர்த்தநாரி, தன்னோட மாடத்தில் அமைதியா நின்னுக்கிட்டு இருந்தார்.

2013-ல் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்த்ததும் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லாம போச்சு. 2014 செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் வந்து அந்த அர்த்தநாரியையும், ஸ்ரீபுரந்தான் நடராஜரையும் பிரதமர் மோடிகிட்ட ஒப்படைச்சார். நடராஜரைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததிலும் இதே பாண்டிச்சேரித் தொகுப்புக்குப் பங்கு உண்டு. கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதாகி, 2022-ல் கும்பகோணம் நீதிமன்றத்தில் வேற ஒரு கோயில் திருட்டு வழக்கில் பத்து வருஷத் தண்டனை வாங்கினார்.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் படம் கலங்கலா, ஆடிப் போய், பக்கவாட்டில் சாஞ்சு இருந்திருந்தா? "இதுவும் அதுவும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க"ன்னு ஒரு வக்கீல் கேட்டிருந்தா? படம் எடுத்த அன்னைக்கு அது ஒரு சாதாரண வேலை நாள். அன்னைக்கு ஒழுங்கா நின்னு எடுத்ததால் ஒரு சாமி வீடு திரும்ப வழி கிடைச்சுது.

பிருங்கி கதையில் நான் முதல்ல சொல்லாம விட்ட ஒரு பகுதி இருக்கு. சிவனையும் அம்பாளையும் பிரிச்சுப் பார்க்கிற இந்த ஆளுக்காகத்தான் ரெண்டு பேரும் ஒரே உடம்பாகி அர்த்தநாரியா நின்னாங்கன்னு சொல்லுவாங்க. மூணு கால்காரருக்கும் அர்த்தநாரிக்கும் உறவு அப்பவே ஆரம்பிச்சிருக்கு.

அதனால பதிவர்களே, ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல மூடற நிலையில் ஒரு ஸ்டூடியோ கண்டிப்பா இருக்கும். உள்ளே போய் மூலையைப் பாருங்க. ஸ்டாண்டு இருந்தா நியாயமான விலை கொடுத்து வாங்குங்க, பல்பு மாட்டறதுக்கு முன்னாடி. நெகட்டிவும் கண்ணாடித் தட்டும் இருந்தா கழுவறேன் துடைக்கிறேன்னு கை வைக்காம, ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்க. இதே பாண்டிச்சேரி நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கு, ஆனா ஊருக்கு ஊர் கிடக்கிறது அதைவிட ரொம்ப அதிகம். ஸ்டாண்டை வாங்கினீங்கன்னா சும்மா வெச்சிருக்காதீங்க. தாத்தா பாட்டியை உக்கார வெச்சு ஒரு படம், தெருவில் இடிக்கப் போற ஓட்டு வீட்டை நேர் எதிரில் நின்னு ஒரு படம், அனுமதி இருக்கிற கோயிலில் வெளிச்சுவர் மாடங்களை வரிசையா. பேர், ஊர், தேதி எழுதி வைங்க.

திருவந்திபுரத்தில் இப்போ முகூர்த்த நாளில் போனா கல்யாணக் கும்பலுக்கு நடுவில் எத்தனையோ ஸ்டாண்டு நிக்கும். லாம்டன் கருவியை நிறுத்தினதும் இதே ஊருதான்னு அங்கே ஒரு பலகை கூட கண்ணில் பட்டதில்லை. அடுத்த மாசம் ஏழு கிலோவைத் தூக்கிக்கிட்டு அங்கே போறதா இருக்கேன். கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆளுங்க யாராவது வர்றீங்களா? ஆளுக்கு ஒரு கால் தூக்கினா சரியா இருக்கும் :-)

டிஸ்கி: ஸ்டாண்டு விற்பனைக்கு இல்லை. அம்மாகிட்ட நேரடியா பேசி விலை படிய வைக்கற முயற்சி எதுவும் வேண்டாம்.